வருசக் கடைசியில் வீட்டுக் கொப்பி: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தீபாவளிக்குத்தான் கொழும்பிலிருந்து பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். ஆனால் அந்த ரெண்டு மூணு நாளும் சமையல், கோயில், சொந்தக்காரர் வீடு என்று ஓடிவிடும், உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது. கிறிஸ்மஸ் தொடங்கி ஜனவரி முதலாந் தேதி வரை உள்ள லீவு அப்படியில்லை. கடையில், கார்மெண்டில், ஆபீஸில் இருக்கிறவர்களில் பாதிப் பேராவது வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கூடமும் பெரும்பாலும் மூடியிருக்கும். முடிந்த வருசத்தில் வீட்டில் என்ன நடந்தது, வீடு என்ன நிலையில் நிற்கிறது, யாருடைய வாழ்க்கையில் என்ன மாறியது, வருகிற வருசம் லீவுக்கு என்ன செய்யலாம் என்று பேசி எழுதிவைக்க இதுதான் தோதான நேரம். டிசம்பரில் முடியாதவர்கள் பொங்கலுக்கு முந்தின நாள் வரை தள்ளலாம். அதற்கு மேல் தள்ளினால் ஆள் சேராது.

எழுதிவைப்பது ஏன் என்றால், நம் குடும்பங்களில் மாற்றம் முதலில் நடந்துவிடும், அதற்குரிய தாள் பின்னால் வராது. கல்யாணமாகி நாலு வருசம் ஆன மகனின் சேமலாப நிதியில் (சம்பளத்தில் வெட்டிச் சேர்க்கும் ஓய்வுகாலக் காசு, EPF) பின்னுரித்தாளராக, அதாவது ஆள் இறந்தால் காசைப் பெறுகிறவராக, இன்னும் அம்மாவின் பெயரே இருக்கும். புது வீட்டுக்குக் குடிபோனவரின் அடையாள அட்டையில் பழைய லயத்து (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு) முகவரி இருக்கும். யாருக்கும் தெரியாத விசயமில்லை இது. எல்லாரும் ஒன்றாக இருக்கும்போது பேசவில்லை, அவ்வளவுதான்.

கொப்பியும் ஆட்களும்

கெட்டி அட்டை போட்ட 120 பக்கக் கொப்பி ஒன்று போதும், வருசத்துக்குப் பத்துப் பக்கம் போனாலும் பத்து வருசத்துக்கு மேல் வரும். ஸ்பிரிங் கொப்பி வேண்டாம், தாள் கிழிந்து கழன்றுவிடும். ஜெல் பேனாவும் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் அந்த மை பரவும். சாதாரண நீலப் பந்துமுனைப் பேனா நல்லது.

விரித்தால் இரண்டு பக்கம் தெரியும் அல்லவா, இடது பக்கத்தில் நடந்தது, வலது பக்கத்தில் செய்ய வேண்டியது. வலது பக்கத்து ஒவ்வொரு வரியிலும் மூன்று விசயம் கட்டாயம் இருக்க வேண்டும்: வேலை, ஆளின் பெயர், எந்த மாசத்துக்குள். "கூரை பார்க்கணும்" என்று மட்டும் எழுதினால் அடுத்த டிசம்பரிலும் அதே வரியைத்தான் எழுத வேண்டிவரும். "அடுப்படிக் கூரை, நாலாவது தகரம், பெரியவன், பெப்ரவரிக்குள்" என்று எழுதினால் வேலை நடக்கும்.

எழுதுகிறவர் எட்டாம் ஒன்பதாம் ஆண்டு படிக்கிற பிள்ளையாக இருந்தால் நல்லது. கையெழுத்து நன்றாக இருக்கும், பெரியவர்களும் பிள்ளைக்கு முன்னால் குரலை ஏற்ற யோசிப்பார்கள். பேச்சை நடத்துகிறவர் வீட்டுத் தலைவராக இருக்க வேண்டும் என்றில்லை. அப்பாவோ மாமாவோ நடத்தினால் பேச்சு சீக்கிரமே செலவுக் கணக்கில் விழுந்து சண்டையாகும். அம்மா, அத்தை, அல்லது மூத்த மகள் நடத்தட்டும்.

நேரம்: காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு, ஒன்றரை மணித்தியாலம். அதற்குள் முடியாவிட்டால் மறுநாள் தொடரலாம். பிள்ளைகள் வந்திறங்கிய அன்றைக்கே உட்காராதீர்கள், பஸ் அலுப்பு இருக்கும். 31ஆந் தேதி இரவும் வேண்டாம், போத்தல் திறந்த வீட்டில் கணக்குப் பேசக்கூடாது.

ஞாபகத்தைக் கிளறும் விதம்

"மார்ச் மாசம் என்ன நடந்தது" என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் வராது. திருநாளை வைத்துக் கேளுங்கள். பொங்கலுக்கு யார் யார் வீட்டில் இருந்தார்கள்? மாசியில் காமன் கூத்து நடந்தபோது யாருக்கு உடம்பு சரியில்லை? சித்திரை வருசப் பிறப்புக்கு எங்கே போனோம்? அம்மன் திருவிழாவுக்குக் கொடியேறிய கிழமை வேலை எத்தனை நாள்? ஆடி, தீபாவளி என்று கொண்டுவந்தால் ஒரு வருசத்தின் எலும்புக்கூடு அரை மணித்தியாலத்தில் வந்துவிடும். பிறகு தேதியைப் போனில் உள்ள படங்களைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

இடது பக்கம் பெரிய கதையாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"மாசி: அம்மாயிக்கு இடது கண் ஒப்பரேசன், பெரியாஸ்பத்திரி. கிளினிக் கொப்பி நீலப் பைலில். சித்திரை: தங்கச்சி கொழும்புக்கு, துணிக்கடை வேலை. ஆனி: அடைமழை, பின்பக்க மண் ஒரு முழம் சரிந்தது, சுவரில் படவில்லை. ஐப்பசி: பெரியப்பா தவறினார். மரணச் சான்றிதழ் மூன்று பிரதி எடுத்தாச்சு."

இறப்பு நடந்த வருசத்தில் அதை முதலில் எழுதிவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் எல்லாரும் அதையே நினைத்துக்கொண்டு மற்றதில் மனம் வைக்க மாட்டார்கள். பெயரை எழுதி, அவர் கையில் இருந்த வேலைகளை இனி யார் பார்ப்பது என்றும் எழுத வேண்டும். சீட்டுக்குக் காசு கட்டியது அவர், கோயில் வரி கொடுத்தது அவர், பீலியில் (ஊற்றுத் தண்ணி பிடிக்கும் இடத்தில்) குழாய் அடைத்தால் போய்ப் பார்த்ததும் அவர். இந்தச் சின்ன வேலைகள்தான் ஆள் போன பிறகு அநாதையாகக் கிடக்கும்.

ஒரு விதி: யாரையும் குற்றம் சொல்லும் வரி கொப்பியில் ஏறக்கூடாது. குடிச் செலவை எழுதத்தான் வேண்டும், ஆளின் பெயர் போடாமல் தொகையை மட்டும் எழுதுங்கள். தொகை போதும், யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

வீட்டைச் சுற்றிவருதல்

பேச்சு முடிந்ததும் கொப்பியோடு வெளியே போய் வீட்டை ஒரு சுற்று வாருங்கள். லயக்காம்பரா என்றாலும் தனிவீடு என்றாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான்: கூரை, கான் (தண்ணி ஓடும் வடிகால்), பின்மண், சுவர்.

கூரை. பகலில் கதவு ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஊசித் துவாரம் இருந்தால் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். நீளக் கம்பு நுனியில் சோக்கைக் கட்டி அதைச் சுற்றி வட்டம் போடுங்கள், ஏறிப் பார்க்கும்போது தேட வேண்டியதில்லை. தகரத்துக்குத் தகரம் பக்கவாட்டில் ஒன்றரை அலையாவது ஏறியிருக்க வேண்டும். மேல் தகரம் கீழ்த் தகரத்தின்மேல் ஆறு அங்குலம், சரிவு குறைந்த கூரையானால் ஒன்பது அங்குலம். இது குறைந்தால் காற்றோடு வரும் மழை உள்ளே ஏறும், எத்தனை தார் பூசினாலும் நிற்காது. ஆணி அலையின் மேட்டில் இருக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் தண்ணி ஓடும் வழியிலேயே ஓட்டை போட்டதாகும். ரப்பர் வொஷர் வெடித்திருந்தால் ஆணியோடு மாற்றுங்கள். துருப்பிடித்த தகரத்தில் கால் வைப்பதானால் ஆணி வரிசைக்கு நேராக, கீழே சட்டம் இருக்கும் இடத்தில், பலகை போட்டுத்தான் வைக்க வேண்டும். அஸ்பெஸ்டஸ் என்றால் அதன்மேல் ஏறவே கூடாது. காய்ந்த நிலையில் பாசியைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. கழற்ற வேண்டி வந்தால் நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டு, உடையாமல் இறக்க வேண்டும்.

ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் மழையே இல்லாமல் கூரையிலிருந்து சொட்டும். ஓட்டை என்று நினைத்துத் தார் வாளியோடு ஏறுகிறவர்கள் அதிகம். உள்ளே இருக்கிற மூச்சுக் காற்றும் அடுப்படி ஆவியும் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணியாகிச் சொட்டுவதுதான் அது. ஒரே புள்ளியில் சொட்டினால் ஓட்டை, தகரம் முழுக்க வியர்த்து வரிசையாகச் சொட்டினால் ஆவி. ஆவிக்கு மருந்து காற்றோட்டம்: முகட்டோரத்தில் இடைவெளி விடுங்கள், இரவில் தண்ணி கொதிக்கவைக்கும்போது அடுப்படிக் கதவைத் திறந்துவையுங்கள்.

எப்போது செய்வது என்பது எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் பெருமழை மே முதல் செப்டெம்பர் வரை. அங்கே கூரை வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் காலம். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் டிசம்பர், ஜனவரியிலும் மழை கொட்டும். அங்கே டிசம்பரில் கூரையைப் பிரித்தால் நனைந்து நிற்க வேண்டியதுதான். தற்காலிகமாக விரிப்புக் கட்டிவிட்டு, ஆடிக் காற்றுக் காலத்து வெயிலுக்கு வேலையை எழுதிவையுங்கள்.

கானும் பின்மண்ணும். வீட்டுக்குப் பின்னால் மண்மேடு இருந்தால், மேலேயிருந்து வரும் தண்ணியை வீட்டுக்கு வராமல் வளைத்துக் கொண்டுபோகும் கான்தான் வீட்டின் உயிர். அதில் மண்ணும் இலையும் அடைத்தால் தண்ணி மேட்டுக்குள் இறங்கும், மண் பாரமாகிச் சரியும். குளித்த தண்ணி, பாத்திரம் கழுவிய தண்ணியை மேட்டுப் பக்கம் விடவே கூடாது. கல்கட்டுச் சுவர் இருந்தால் அதில் தண்ணி வடிய விட்ட குழாய்களை ஒரு கம்பியால் குத்தி அடைப்பெடுங்கள். மழை முடிந்தும் எந்தக் குழாயிலும் ஈரம் இல்லை என்றால் சந்தோசப்பட வேண்டாம், உள்ளே அடைத்துக் கிடக்கலாம்.

சுவர் வெடிப்பு. இதுதான் அலட்சியமாக விடப்படுவது. வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வைத்து, இரண்டுக்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் என்று அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். மாசம் ஒருமுறை பாருங்கள். நுனி கோட்டைத் தாண்டினாலோ இடைவெளி கூடினாலோ வெடிப்புக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம், சீமெந்து பூசி மறைக்காதீர்கள். பூசினால் ஆறு மாசத்துக்கு ஒன்றும் தெரியாது, ஆபத்து மட்டும் கூடும். கூடவே இதையும் பாருங்கள்: நிலத்தில் புதிய பிளவு, சாய்ந்த மரம் அல்லது கரண்ட் கம்பம், சாத்த முடியாமல் இறுகிய கதவு, புதிதாகக் கிளம்பிய ஊற்று, திடீரென்று கலங்கிய அல்லது வற்றிய பீலித் தண்ணி. இதில் இரண்டு சேர்ந்து கண்டால் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியும் ஒப்பமும் வாங்குங்கள்.

2014 அக்டோபர் 29ஆந் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடத்துக்கு முன்னரே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது. ஆகவே வலது பக்கத்தில் ஒரு வரி எல்லா வருசமும் இருக்க வேண்டும்: ராத்திரியில் கிளம்பச் சொன்னால் எங்கே போவது, எந்தப் பாதையால், அம்மாயியைத் தூக்குவது யார்.

மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும். 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தாலும் சிவப்புதான். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். இந்த அளவை வீட்டிலேயே பார்க்கலாம். நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, அடியில் உள்ள பள்ளமேடு மறையும்வரை சின்னக் கல்லும் சீமெந்தும் போட்டு மட்டமாக்குங்கள். மட்டமான இடத்தைப் பூச்சியமாக வைத்து வெளியே மி.மீ. அடிமட்டத்தை ஒட்டுங்கள். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் கம்பத்தில் கட்டி, தினம் ஒரே நேரத்தில் பார்த்து ஊற்றிவிடுங்கள். போத்தல் அகலமோ ஒடுக்கமோ, கணக்கு மாறாது, பக்கம் நேராக இருந்தால் சரி. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ எல்லாருடைய போனிலும் ஏற்றுங்கள், அப்பாயி போனிலும்.

சுற்றிவரும்போதே படம் எடுங்கள். குடும்பப் படமும் அதில் ஒன்று. எல்லா வருசமும் ஒரே கல்லின் மேல் போனை வைத்து, வீடும் பின்மேடும் தெரியும்படி, மூடுபனி இறங்குமுன் காலையில் எடுங்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் தெரியும், மேடு இறங்கியதும் தெரியும்.

மாற்றமும் தாளும்

வீட்டுக்குள் வந்து இடது பக்கத்தைத் திரும்ப வாசியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே வலது பக்கத்தில் ஒரு தாள் வேலை வர வேண்டும்.

பிள்ளை பிறந்திருந்தால் பிறப்பை 42 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். மூன்று மாசம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அலைச்சல் அதிகம். வரும் ஜனவரி 31ஆந் தேதியன்று ஐந்து வயது பூர்த்தியாகிற பிள்ளை அந்த வருசம் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டிய பிள்ளை. விண்ணப்பம் அதற்கு முந்தின வருச நடுவிலேயே கேட்பார்கள் என்பதால், இந்த டிசம்பரில் நாலு வயதுப் பிள்ளையைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். 15 வயதானவருக்கு அடையாள அட்டை. பள்ளிக்கூடத்தில் படித்தால் அதிபர் மூலம், இல்லையென்றால் கிராம உத்தியோகத்தர் அல்லது தோட்ட அதிகாரி மூலம் விண்ணப்பிக்கலாம். 18 ஆனவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறியதா என்று பாருங்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர் புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருக்க வேண்டும். கேள்வி இருந்தால் 1989க்கு அழைக்கலாம், ஏஜென்சிக்காரர் சொல்வதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

கல்யாணம் ஆனவர் சேமலாப நிதியிலும் வங்கியிலும் பின்னுரித்தாளரை மாற்ற வேண்டும். யாராவது இறந்திருந்தால் அவர் பின்னுரித்தாளராக இருந்த இடங்களை எல்லாம் தேடுங்கள், அதைத்தான் மறந்துவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி பெயர். ஒரே ஆள் பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவில்) லெச்சுமி, வங்கியில் வேறொரு முதலெழுத்தோடு இருப்பார். வேலை செய்யும் காலத்தில் இது ஒரு பொருட்டாகத் தெரியாது. சேமலாப நிதிக் காசு எடுக்கப் போகும்போதுதான் கவுண்டரில் நிற்கவைப்பார்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதி, வங்கி, பள்ளிக்கூடம். ஒவ்வொரு தாளிலும் இருக்கிறபடியே, எழுத்துப் பிசகாமல், சிங்களத்தில் இருந்தால் சிங்களத்திலேயே பார்த்து எழுதுங்கள். வித்தியாசம் உள்ள கட்டத்தை வட்டமிடுங்கள். பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவில் திருத்தம் கேட்க வேண்டும். மற்ற இடங்களில் சமாதான நீதவானிடம் எடுத்த சத்தியக் கடதாசி பல நேரம் போதும். ஒரு வருசத்தில் ஒரு ஆளின் பெயரைச் சரிசெய்தாலே பெரிய வேலை. ஓய்வுக்குக் கிட்டியவரில் தொடங்குங்கள்.

வயதானவர்களிடம் உள்ள பழைய பிரஜாவுரிமைத் தாள்களை, கடவுச்சீட்டுகளை, ஆள் இல்லாமல் போனாலும் எறியாதீர்கள். பேரப்பிள்ளைக்குக்கூட ஒருநாள் தேவைப்படலாம்.

தாள்களை வைக்கும் இடமும் முக்கியம். தகரப் பெட்டி துருப்பிடித்து அந்தக் கறை தாளில் ஏறும். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்கு மேல் பரண் காய்ந்த இடம்தான், ஆனால் புகைக்கரி. இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியில், ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உள்சுவர்ப் பக்கம் நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து அதில் போடுங்கள். பெப்ரவரி வெயிலில் ஒருநாள் பெட்டியைத் திறந்து நிழலில் காயவிடுங்கள். சான்றிதழை லெமினேட் செய்ய வேண்டாம், பிறகு அதன்மேல் முத்திரை குத்த முடியாது.

தோட்டத்து முகவரிக்கு வரும் கடிதம் ஆபீஸில் கிடக்கலாம். வருசக் கடைசியில் ஒருமுறை நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். முக்கியமான விண்ணப்பங்களில் போன் நம்பரைத் தெளிவாக எழுதுங்கள், அடிக்கடி சிம் மாற்றுகிறவரின் நம்பரைப் போடாதீர்கள்.

காசுக் கணக்கு

இதை நீட்ட வேண்டாம். நாலு கடன் மட்டும் எழுதுங்கள்: கடைக் கொப்பி, அடகு, சீட்டு, நுண்கடன். அடகில் எழுத வேண்டியது தொகையைவிட முக்கியமாக அடகுச் சீட்டில் உள்ள முடிவுத் தேதி, அது தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். தீபாவளி முற்பணம் சம்பளத்தில் இன்னும் எத்தனை மாசம் வெட்டப்படும் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் வெயிலும் பனியும் கொழுந்தைக் குறைக்கும் பக்கங்களில் பேரும் (கொடுக்கும் வேலை நாளும்) குறையும், முற்பண வெட்டும் அதே மாசங்களில்தான் விழும். டிசம்பரில் புதுச் சாமானைத் தவணைக்கு எடுக்குமுன் இதைப் பாருங்கள்.

சேமலாப நிதியைச் சம்பளத் துண்டோடு ஒத்துப் பார்ப்பது எளிது. தொழிலாளியிடம் 8 வீதம் வெட்டுவார்கள், நிர்வாகம் 12 வீதம் சேர்க்க வேண்டும். நம்பிக்கை நிதிக்கு (ETF) நிர்வாகம் தனியாக 3 வீதம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை உதாரணமாக வைத்தால், 20 பேர் போட்ட, அதாவது 20 நாள் வேலை செய்த, மாசத்துக்குச் சம்பளம் 27,000. உங்களிடம் வெட்டியது 2,160, அவர்கள் சேர்ப்பது 3,240, ஆக 5,400 அந்த மாசம் உங்கள் பெயரில் ஏற வேண்டும். இப்போதைய சம்பளத்தைப் போட்டு உங்கள் கணக்கைச் செய்யுங்கள். வருகிற மீதிக் கூற்றில் ஏதாவது மாசம் பூச்சியமாக இருந்தால் அந்த மாசத்துச் சம்பளத் துண்டைத் தனியே எடுத்துவைத்து, தொழில் திணைக்கள அலுவலகத்தில் காட்டலாம். துண்டு இல்லாவிட்டால் வாயால் சொல்லிப் பயனில்லை. ஆகவே சம்பளத் துண்டை எறிகிற பழக்கத்தை நிறுத்துங்கள். அந்த மை வெளிறிவிடும் என்றால் மாசாமாசம் படம் எடுங்கள்.

ஓய்வுக்குக் கிட்டியவர் இருந்தால் அவர் பக்கத்தில் சேவைக்காலப் பணத்தையும் கணக்கிடுங்கள். ஐந்து வருசம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முழு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம். 22 வருசம், 1,350 ரூபா என்றால் 4,15,800. வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டிய காசு இது. சேமலாப நிதி பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். எடுத்த காசில் முதல் வேலை என்ன என்று இப்போதே எழுதிவையுங்கள். காசு கைக்கு வந்தபிறகு பேசினால் ஆளுக்கொரு கடன்காரர் வாசலில் நிற்பார்.

லீவு

பேச்சின் கடைசியில் இதை வையுங்கள், எல்லாரும் சிரித்துக்கொண்டு எழும்புவார்கள். முதலில் போன வருசத்து லீவைப் பற்றி இரண்டே கேள்வி: எது பிடித்தது, எது வீண் செலவு? சின்னப் பிள்ளைகளிடம் தொடங்குங்கள். பெரியவர் செலவழித்த இடமும் பிள்ளை ரசித்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

ஒரு வருசத்துக்கு ஒரு பெரிய பயணமும் ஒரு சின்னப் பயணமும் போதும். சிவனொளிபாதமலைக் காலம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாச வெசாக்கோடு முடியும். போயா நாளும் சனி ஞாயிறும் படியில் கால் வைக்க இடமிருக்காது, முழங்கால் வலியுள்ளவரோடு போவதானால் வாரநாளில் போங்கள். நல்லதண்ணி வழியில் இரவு ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினால் நிதானமாக விடியலுக்கு உச்சிக்குப் போகலாம். ஏறும்போது வியர்க்கும், மேலே 2,243 மீற்றரில் காற்று வெட்டும். ஆகவே காய்ந்த உட்சட்டை ஒன்றைப் பையில் வைத்து, மேலே போனதும் மாற்றிவிட்டுச் சுவெட்டர் போடுங்கள். நனைந்த சட்டையின்மேல் எத்தனை கம்பளி போட்டாலும் நடுக்கம் போகாது. இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும், மருந்தெண்ணெயை அப்போதைக்கு மிச்சம் வையுங்கள்.

நுவரெலியாவுக்குச் சொந்தக்காரர் வர விரும்பினால் ஏப்ரலைத் தவிர்க்கச் சொல்லுங்கள், அறை வாடகை தாங்காது. கோச்சியில் (ரயிலில்) ஒதுக்கிய இருக்கை 30 நாளுக்கு முன் திறக்கும், லீவுக் காலத்தில் திறந்த அன்றே போகும். டித்வாவில் மலைநாட்டுக் கோச்சிப் பாதை பலத்த சேதம் கண்டதால், டிக்கட் எடுக்குமுன் எந்த ஸ்டேசன் வரை ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குக் கோயில் பயணம் என்றால் ஒவ்வொருவர் கடவுச்சீட்டிலும் ஆறு மாசமாவது மிச்சமிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

வீட்டில் இருக்கும் லீவையும் திட்டத்தில் சேருங்கள். கொழும்பிலிருந்து வருகிற பிள்ளை இரண்டு நாளும் கூரையில் ஏறி, கான் வெட்டி, ஆபீஸுக்கு அலைந்துவிட்டுத் திரும்பக்கூடாது. ஒரு நாள் வேலை, ஒரு நாள் சும்மா என்று வலது பக்கத்திலேயே பிரித்து எழுதுங்கள். வருகிறவர்களுக்குக் கம்பளி எத்தனை குறைகிறது, 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் லீவு முடியும்வரை தாங்குமா என்பதையும் அம்மாவிடம் கேட்காமல் நீங்களே பாருங்கள்.

முடித்த பிறகு

எழுதிய எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வீட்டு வாட்சப் குழுவில் போடுங்கள். பெயர்க் கட்டத்தையும் அடையாள அட்டை இலக்கங்களையும் அதில் போட வேண்டாம், அவை பெட்டியிலேயே இருக்கட்டும். குழுவின் பெயருக்குக் கீழே உள்ள விவரத்தில் வலது பக்கத்து வேலைகளில் நாலே நாலை, ஆளின் பெயரோடு எழுதிவையுங்கள். சித்திரைக்கு எல்லாரும் வரும்போது கொப்பியை ஒரு பத்து நிமிசம் திறந்து, முடிந்ததைக் கோடு போட்டு வெட்டுங்கள். முடியாததற்குப் பக்கத்தில் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: காசு, லீவு, மறதி, மழை. காசு என்றால் தொகையைப் பிரித்துச் சீட்டோடு சேர்க்கலாம். லீவு என்றால் தோட்டத்தில் இருக்கிற ஒருவருக்கு வேலையை மாற்றலாம். மறதி என்றால் அந்த ஆளின் போனில் மணி வைத்துக் கொடுங்கள். மழை என்றால் மாசத்தைத்தான் பிழையாகப் போட்டிருக்கிறீர்கள், உங்கள் பக்கத்து மழைக்காலத்தைப் பார்த்து மாற்றி எழுதுங்கள்.